நோய் அபாயமும் அன்றாட வாழ்வும்

(பொது நிர்வாகம் பயிலும் மாணவர்களும் அலுவலர்களும் கூடிய அவையில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

2020ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் இரவு எட்டு மணிக்குப் பிரதமர் நாட்டு மக்களுக்கு உரையாற்றினார். அன்று நள்ளிரவு முதல் 21 நாட்களுக்கு நாடு முழுவதும் ஊரடங்கு என்று அறிவிக்கப்பட்டது. அப்போது இந்தியாவில் பதிவாகியிருந்த கோவிட் நோயாளிகள் ஏறத்தாழ ஐந்நூறு பேர். வீட்டினுள் இருக்குமாறு கேட்டுக்கொள்ளப்பட்டவர்களோ நூற்று முப்பது கோடிப் பேர். "உயிர் இருந்தால்தான் உலகம்" என்ற பொருள்படும் இந்தி வழக்கு அவ்வுரையில் ஆளப்பட்டது. மூன்று வாரங்கள் முடிவதற்குள், ஏப்ரல் 11ஆம் நாள் முதலமைச்சர்களுடன் நடந்த ஆலோசனையில், அந்த வழக்கு "உயிரும் வேண்டும், உலகமும் வேண்டும்" என்று மாறியது.

இவ்விரு சொற்றொடர்களுக்கும் இடையிலுள்ள தொலைவுதான் இங்கு ஆராயப்படும் பொருள். முதல் தொடரில் தராசு இல்லை. ஒரே தட்டுத்தான் இருக்கிறது. உயிர் என்ற சொல்லுக்கு எதிராக எதையும் நிறுத்துவது தகாது என்று அது கூறுகிறது. இரண்டாம் தொடரில் தராசு வந்துவிடுகிறது. தராசு வந்தவுடன் எவ்வளவு, யாருக்கு, எவ்வளவு காலம் என்னும் கேள்விகளும் உடன் வருகின்றன. அக்கேள்விகளுக்கு விடை தேடுவதில் அரசுகள் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளைச் செலவிட்டன. குடும்பங்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கின்றன.

அபாயம் என்பது ஒரே எண் அன்று

ஒரு நோயின் அபாயத்தை ஒரே எண்ணால் குறிப்பிடுவது எளிது. ஆயினும் கோவிட் நோயைப் பொறுத்தவரை அது பயனற்றது. தடுப்பூசி வருவதற்கு முந்திய காலத்துக் கணக்குகளை ஒன்றுதிரட்டிப் பார்த்த ஆய்வொன்று, தொற்றியவருள் இறக்க நேரிடுவோரின் விகிதத்தை வயதுவாரியாகக் காட்டியது. பத்து வயதில் அது 0.002 சதவீதம், அதாவது ஐம்பதாயிரத்தில் ஒருவர். 25 வயதில் பத்தாயிரத்தில் ஒருவர். 55 வயதில் 0.4 சதவீதம், 65 வயதில் 1.4, 75 வயதில் 4.6, 85 வயதிலோ 15 சதவீதம். இவை பெரும்பாலும் செல்வ நாடுகளின் கணக்குகள். மருத்துவமனைப் படுக்கை எளிதில் கிடைக்காத இடங்களில் எண்கள் வேறுபடும். எனினும் வயதோடு அபாயம் ஏறுவது எங்கும் காணப்பட்டதே. பேரப்பிள்ளைக்கும் பாட்டிக்கும் இடையில் அபாயம் ஆயிரம் மடங்குக்கு மேல் மாறுபடுமாயின், இருவருக்கும் ஒரே விதியை எழுதுவது விதியை எழுதுபவருக்கு வசதியாக இருக்கலாம். அது அபாயத்தை அளந்து எழுதப்பட்ட விதி ஆகாது.

பழகிய அபாயங்களோடு ஒப்பிடும் வழக்கமும் உண்டு. இந்தியச் சாலைகளில் 2019ஆம் ஆண்டில் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பேர் மாண்டனர். சராசரியாக ஒன்பதாயிரம் பேருக்கு ஒருவர் என்ற கணக்கு இது. அதற்காக எவரும் சாலைகளை மூடச் சொல்வதில்லை. ஆகவே கோவிட் நோய்க்கு மட்டும் இத்தனை அஞ்சுவானேன் என்று 2020ஆம் ஆண்டில் பலர் வாதிட்டனர். இவ்வாதத்தில் ஓர் உண்மையும் ஒரு பிழையும் உள்ளன. அபாயம் சிறிதும் இல்லாத வாழ்வு என்று ஒன்று முன்னரும் இருந்ததில்லை என்பது உண்மை. சாலை விபத்து ஒரு வண்டியிலிருந்து மற்றொரு வண்டிக்குத் தொற்றி, பத்து நாட்களில் இருமடங்காவதில்லை என்பதை மறந்ததே பிழை. தொற்று நோயில் ஒருவர் துணிந்து ஏற்கும் அபாயம் அவரோடு நின்றுவிடுவதில்லை. இளைஞன் திருமண விருந்துக்குச் செல்வதன் விலையை, அழைப்பிதழே பெறாத ஒரு முதியவர் செலுத்த நேரிடலாம்.

இதன் மறுபக்கமும் உண்டு. அது குறைவாகவே பேசப்பட்டது. எச்சரிக்கைக்கும் விலை உண்டு. அந்த விலையையும் பெரும்பாலும் எச்சரிக்கையாக இருந்தவர் செலுத்துவதில்லை.

எச்சரிக்கையின் விலை

மும்பையின் தாராவியில் முதல் நோயாளி 2020 ஏப்ரல் 1ஆம் நாள் கண்டறியப்பட்டார். சுமார் இரண்டரைச் சதுர கிலோமீட்டர் பரப்பில் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் இடம் அது. பெரும்பாலோர் பொதுக் கழிப்பிடங்களையே நம்பியிருந்தனர். "வீட்டில் இருங்கள், ஆறடி விலகி நில்லுங்கள்" என்ற அறிவுரைக்கு அங்கே பொருளே இல்லை. வீடே பத்தடிக்குப் பத்தடி; அதில் ஆறு பேர். அவ்வாண்டு ஜூலையில் மும்பையின் மூன்று வார்டுகளில் இரத்த மாதிரிகள் ஆராயப்பட்டபோது, குடிசைப் பகுதிகளில் வாழ்வோரில் 57 சதவீதத்தினருக்கும் பிற பகுதிகளில் 16 சதவீதத்தினருக்கும் நோய் எதிர்ப்பொருள் காணப்பட்டது. ஊரடங்கு இருவருக்கும் ஒன்றாகவே இருந்தது. அது அளித்த காப்பு மட்டும் ஒன்றாக இல்லை.

அந்நகரின் புறநகர் ரயில்கள் நோய்க்கு முன்னர் நாள்தோறும் 75 இலட்சத்துக்கும் மேற்பட்டோரை ஏற்றிச் சென்றவை. 2020 மார்ச் 22ஆம் நாளுக்குப் பின் அவை நின்றன. ஜூன் நடுவில் இன்றியமையாப் பணியாளருக்கு மட்டும் ஓடத் தொடங்கின. பொதுமக்கள் குறித்த நேரங்களில் ஏறலாம் என்ற நிலை 2021 பிப்ரவரி 1ஆம் நாள்தான் வந்தது. ஏப்ரலில் அதுவும் மீண்டும் நின்றது. இரு தவணைத் தடுப்பூசி பெற்றோர் ஏறலாம் என்று ஆகஸ்ட் 15 முதல் இசைவு அளிக்கப்பட்டது. வீட்டிலிருந்தே கணிப்பொறியில் வேலை பார்க்க இயன்றவருக்கு இது ஒரு செய்தி. கல்யாணிலிருந்தோ விராரிலிருந்தோ நகருக்கு வந்து கடையில் நின்று கூலி பெறுபவருக்கு இது வருமானமே நின்றுபோன செய்தி.

அரசு இந்த விலையை அறியாமல் இருந்தது என்று சொல்ல இயலாது. ஏறத்தாழ 80 கோடிப் பேருக்கு மாதம் ஐந்து கிலோ தானியம் 2020 ஏப்ரல் முதல் விலையின்றி வழங்கப்பட்டது. ஊரக வேலை உறுதித் திட்டத்தின்கீழ் 2020-21இல் சுமார் 389 கோடி மனித நாட்கள் வேலை அளிக்கப்பட்டது. அத்திட்டம் தொடங்கிய நாள் முதல் அதுவரை இல்லாத அளவு அது. இவ்வெண் ஒரு சாதனையாகவும் படிக்கப்படலாம்; எத்தனை குடும்பங்கள் மண்வெட்டியைத் தேடி வந்தன என்பதன் அளவாகவும் படிக்கப்படலாம்.

கண்ணில் படாத செலவு மற்றொன்று. 2019ஆம் ஆண்டில் நாட்டில் புதிதாகப் பதிவான காசநோயாளிகள் ஏறத்தாழ 24 இலட்சம் பேர். 2020இல் அவ்வெண் 18 இலட்சமாகக் குறைந்தது. நோய் குறையவில்லை; கண்டறிதல் குறைந்தது. சளியைப் பரிசோதிக்கும் கருவிகளும், அவற்றை இயக்கும் பணியாளரும் கோவிட் பணிக்கு மாற்றப்பட்டிருந்தனர். இருமல் உள்ளவர் மருத்துவமனைக்குச் செல்லவே அஞ்சினார். இருமலோடு வெளியில் வந்தால் என்ன நேரும் என்பது அவருக்குத் தெரியும். அவ்வாறே, முத்தடுப்பூசியின் முதல் தவணையைக்கூடப் பெறாத இந்தியக் குழந்தைகளின் எண்ணிக்கை 2019இல் சுமார் 14 இலட்சமாக இருந்து, 2020இல் 30 இலட்சமாக உயர்ந்தது என்று உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் மதிப்பிட்டன. கோவிட் இறப்புகள் ஒவ்வொரு மாலையும் அறிக்கையாக வெளிவந்தன. காசநோய்க்கும் தொண்டை அடைப்பான் நோய்க்கும் மாலை அறிக்கை கிடையாது. நிர்வாகத்தில் நாள்தோறும் எண்ணப்படுவதே நாள்தோறும் கவனிக்கப்படுகிறது என்பது அலுவலர் அனைவரும் அறிந்ததே.

தராசு மறுபுறம் சாய்ந்த காலம்

இதுவரை கூறியவற்றிலிருந்து, கட்டுப்பாடுகள் அனைத்தும் மிகை என்று ஒருவர் முடிவு கட்டினால், அவருக்கு 2021ஆம் ஆண்டின் வேனிற்காலத்தை நினைவூட்ட வேண்டும். அவ்வாண்டு பிப்ரவரியில் நாளொன்றுக்குப் பதிவான புதிய நோயாளிகள் பத்தாயிரத்தை ஒட்டியே இருந்தனர். நோய் ஓய்ந்தது என்ற எண்ணம் பரவிற்று. திருமணங்களும் தேர்தல் கூட்டங்களும் திருவிழாக்களும் நெரிசலோடு நடந்தன. ஆனால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020 டிசம்பர், 2021 ஜனவரி மாதங்களில் நடத்திய மூன்றாம் இரத்த ஆய்வு, நாட்டில் ஐவரில் ஒருவருக்கே தொற்று வந்து போயிருக்கிறது என்று கூறியிருந்தது. ஐவரில் நால்வர் எஞ்சியிருந்தனர். தடுப்பூசிப் பணி ஜனவரி 16ஆம் நாள்தான் தொடங்கியிருந்தது. அதுவும் மருத்துவப் பணியாளரிடமிருந்து. அறுபது வயதைக் கடந்தோரின் முறை மார்ச் 1ஆம் நாள் வந்தது.

மே மாதத் தொடக்கத்தில் ஒரே நாளில் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட புதிய நோயாளிகள் பதிவாயினர். உயிர்வாயு தேடிக் குடும்பங்கள் நகரத் தெருக்களில் அலைந்த காட்சிகளை இங்கு மீண்டும் விவரிக்கத் தேவையில்லை. அரசுப் பதிவுகளின்படி இந்தியாவில் இதுவரை கோவிட் நோயால் இறந்தோர் சுமார் 5.3 இலட்சம் பேர். 2020, 2021 ஆண்டுகளில் நேர்ந்த மிகை இறப்புகள் ஏறத்தாழ 47 இலட்சம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதத்தில் மதிப்பிட்டது. அதன் கணக்கு முறையை இந்திய அரசு ஏற்கவில்லை. எந்த எண்ணை ஏற்றாலும், பிப்ரவரி மாதத்து நிம்மதி தராசில் நிறுத்தப்பட்ட நிம்மதி அன்று என்பது தெளிவு. எஞ்சிய நால்வரைப் பற்றிய எண் கையில் இருந்தது. அது எடைபோடப்படவில்லை. இரண்டே மாதங்கள் பொறுத்திருந்தால், முதியோருள் பெரும்பகுதியினர் முதல் தவணை ஊசியையாவது பெற்றிருக்கக்கூடும். இவ்விடத்தில் காத்திருத்தலின் விலை சிறிது, பயன் பெரிது. தள்ளிப்போடப்பட்ட திருமணம் பின்னர் நடக்கும்.

ஒத்திப்போடக்கூடியது எது, ஒத்திப்போட முடியாதது எது என்னும் இந்தப் பகுப்பைக் கையில் கொண்டு பள்ளிகளை நோக்கினால், தராசு வேறு விதமாகச் சாய்கிறது. எட்டு வயது ஒரு குழந்தைக்கு ஒரு முறைதான் வருகிறது.

மூடிய பள்ளி

2020 மார்ச் நடுவில் நாடெங்கும் பள்ளிகள் மூடப்பட்டன. ஏறத்தாழ 15 இலட்சம் பள்ளிகள். அவற்றில் பயின்ற குழந்தைகள் 24 கோடிக்கும் அதிகம். நோயைப் பற்றி எதுவும் சரியாகத் தெரியாத அந்த நாட்களில் மூடியதைக் குறை சொல்வதற்கில்லை. சளிக்காய்ச்சல் பள்ளிப் பிள்ளைகள் வழியே பரவும் என்பது பழைய அனுபவம். இதுவும் அப்படித்தான் என்று எண்ணியது இயல்பு. கேள்வி மூடியதைப் பற்றியது அன்று. திறக்கும் வரிசையைப் பற்றியது.

2020 ஜூன் 8 முதல் உணவகங்களும் வணிக வளாகங்களும் திறக்க இசைவு பெற்றன. அக்டோபர் 15 முதல் திரையரங்குகள் பாதி இருக்கைகளோடு இயங்கலாம் என்றாயிற்று. தொடக்கப் பள்ளிகளோ பெரும்பாலான மாநிலங்களில் அவ்வாண்டு முழுவதும் மூடியே கிடந்தன. தமிழ்நாட்டிலும் தில்லியிலும் தொடக்க வகுப்புகள் 2021 நவம்பர் 1ஆம் நாள் திறந்தன. மேற்கு வங்கத்தில் அவை திறந்தது 2022 பிப்ரவரி 16ஆம் நாள். ஏறத்தாழ 23 மாதங்களுக்குப் பிறகு. மூன்றாம் வகுப்புக்குள் நுழைய வேண்டிய குழந்தை, முதல் வகுப்பை முழுமையாகக் கண்டதில்லை. உணவக உரிமையாளருக்கும் திரையரங்க உரிமையாளருக்கும் சங்கங்கள் உண்டு. அவை தூது சென்றன. முதல் வகுப்பு மாணவருக்குச் சங்கம் இல்லை.

இதற்கிடையில் சான்றுகள் சேர்ந்துகொண்டிருந்தன. சுவீடனில் 2020 வசந்த காலத்தில் 16 வயதுக்குட்பட்டோரின் பள்ளிகள் மூடப்படவில்லை. அங்கு ஒன்று முதல் பதினாறு வயது வரையுள்ள சுமார் 19.5 இலட்சம் பிள்ளைகளுள், மார்ச் முதல் ஜூன் வரை தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டோர் 15 பேர். கோவிட் நோயால் இறந்தவர் எவரும் இல்லை. அந்நாட்டின் நிலை வேறு, இந்திய நிலை வேறு என்ற மறுப்பு நியாயமானதே. சுவீடனில் பாட்டி தனி வீட்டில் வாழ்கிறார். இங்கு பாட்டியின் மடியில்தான் பள்ளிவிட்டு வந்த பிள்ளை அமர்கிறது. ஆனால் இந்தியச் சான்றும் விரைவிலேயே கிடைத்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நான்காம் இரத்த ஆய்வு 2021 ஜூன், ஜூலை மாதங்களில் 70 மாவட்டங்களில் நடந்தது. ஆறு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளில் 57.2 சதவீதத்தினருக்கும், பத்து முதல் பதினேழு வயதினரில் 61.6 சதவீதத்தினருக்கும் எதிர்ப்பொருள் இருந்தது. பள்ளிகள் மூடியிருந்தும் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குத் தொற்று வந்து போய்விட்டிருந்தது. தொடக்கப் பள்ளிகளை முதலில் திறக்கலாம் என்று அக்கழகத்தின் தலைமை இயக்குநர் ஜூலையில் வெளிப்படையாகவே கூறினார். பெரும்பாலான மாநிலங்கள் மேல் வகுப்புகளை முதலில் திறந்தன. பொதுத் தேர்வு மேல் வகுப்புகளுக்குத்தானே உண்டு!

வகுப்பறைக்குப் பதிலாகக் கைப்பேசி வைக்கப்பட்டது. 2021 ஆகஸ்டில் 15 மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் ஏழைக் குடும்பங்கள் வாழும் பகுதிகளில், ஏறத்தாழ 1,400 வீடுகளில் ஓர் ஆய்வு நடந்தது. ஊர்ப்புறப் பிள்ளைகளுள் கைப்பேசி வழியே ஒழுங்காகப் பயின்றோர் 8 சதவீதம். எதுவுமே பயிலாதோர் 37 சதவீதம். வீட்டில் கைப்பேசி இருந்தாலும் அது தந்தையோடு வேலைக்குச் சென்றுவிடுகிறது. இரு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஒரே நேரத்தில் இரண்டு வகுப்புகள் நடக்கின்றன. அவற்றுள் ஒன்று தம்பிக்கு. மற்றொன்று எவருக்கு இல்லாமற் போயிற்று என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இழப்பின் அளவு பின்னர் தெரிய வந்தது. ஊரக அரசுப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுள் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க வல்லவர், 'அசர்' ஆய்வின்படி, 2018இல் 20.9 சதவீதம், 2022இல் 16.3 சதவீதம். முன்பே ஐந்தில் ஒருவர்தான் என்பதையும் மறக்கலாகாது. நோய் ஒரு நல்ல கட்டடத்தை இடிக்கவில்லை, சாய்ந்து நின்ற கட்டடத்தை மேலும் சாய்த்தது. மதிய உணவு மற்றொரு இழப்பு. 11 கோடிக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குச் சூடான உணவு பள்ளியில்தான் கிடைத்து வந்தது. உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 18ஆம் நாளே இதைத் தானாக முன்வந்து விசாரித்தது. மாநிலங்கள் தானியமாகவும் பணமாகவும் ஈடு செய்தன. தானியம் வீட்டுக்கு வந்தால் அது வீட்டின் தானியம் ஆகிவிடுகிறது. பிள்ளையின் தட்டு அதில் தனியாக நிற்பதில்லை.

ஓர் எழுத்தர் வீட்டுக் கணக்கு

அரசின் கணக்கு இவ்வாறிருக்க, வீட்டுக் கணக்கையும் ஒரு முறை போட்டுப் பார்ப்பது நலம். நாக்பூரிலோ கான்பூரிலோ இரண்டு அறைக் குடியிருப்பில் வாழும் ஓர் எழுத்தரின் குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம். மகளுக்கு 9 வயது, நான்காம் வகுப்பு. தாயாருக்கு 72 வயது, நீரிழிவு உண்டு. சிறுமி உறங்குவது பாட்டியின் அருகில். பள்ளி திறக்கப்போவதாக அறிவிப்பு வருகிறது. ஒப்புதல் கடிதத்தில் பெற்றோர் கையொப்பமிட வேண்டும். அக்கடிதம் நான்கு நாட்களாக எழுத்தரின் சட்டைப் பையிலேயே இருக்கிறது.

அவர் பார்க்க வேண்டியது மகளின் அபாயத்தை அன்று. அது ஐம்பதாயிரத்தில் ஒன்று. தாயாரின் அபாயமே கேள்வி. முன்னர் கூறிய வயதுக் கணக்கின்படி, தடுப்பூசி பெறாத 72 வயதினருக்குத் தொற்று வந்தால் இறப்பு நூற்றுக்கு மூன்றளவு. நீரிழிவு அதைக் கூட்டும். 2021 பிப்ரவரியில் இக்கடிதம் வந்திருந்தால், அவர் கையொப்பமிடத் தயங்கியது முற்றிலும் சரியே. அதே கடிதம் அவ்வாண்டு நவம்பரில் வருகிறது என்று கொண்டால் நிலை மாறிவிடுகிறது. தாயார் இரண்டு தவணை ஊசியும் பெற்றுவிட்டார். தமிழ்நாட்டுக் காவல் துறையைச் சேர்ந்த 1,17,524 பேரை வைத்து, இரண்டாம் அலையின்போது நடத்தப்பட்ட ஆய்வு, ஒரு தவணை 82 சதவீத இறப்புகளையும், இரு தவணைகள் 95 சதவீத இறப்புகளையும் தடுத்ததாகக் காட்டியது. காவலர்கள் பணி வயதினர். முதியவரிடம் ஊசியின் பயன் சற்றுக் குறையும். ஆயினும் நூற்றுக்கு மூன்று என்பது ஆயிரத்துக்கு மூன்று என்ற அளவை நோக்கி இறங்கிவிட்டது. அதுவும் தொற்று வந்தால் மட்டுமே. பள்ளி மூடியிருந்தாலும் எழுத்தர் நாள்தோறும் அலுவலகம் செல்கிறார், பேருந்தில் ஏறுகிறார். நோய் வீட்டுக்குள் வர வாயில்கள் பல. பள்ளி அவற்றுள் ஒன்றுதான்.

மறு தட்டில் என்ன இருக்கிறது? சிறுமிக்கு வகுத்தல் மறந்துபோயிருக்கிறது. தெரு முனையில் சுவரொட்டியைக் கண்டால் முன்பு உரக்கப் படிப்பாள்; இப்போது பார்க்காமல் போகிறாள். இதைப் பாட்டிதான் முதலில் கவனித்திருப்பார். பெரும்பாலான வீடுகளில் எவரும் அவரிடம் கருத்துக் கேட்டதில்லை என்பது வியப்பே. அபாயத்தை ஏற்க வேண்டியவர் அவர். எது தமக்குப் பெரிது என்று சொல்லும் உரிமையும் அவருடையது. பேத்தி பள்ளி செல்லட்டும், சில வாரம் கூடத்தில் தனியே படுத்துக்கொள்கிறேன் என்று அவர் கூறியிருக்கலாம். அல்லது அஞ்சுகிறேன், ஒரு மாதம் பொறுங்கள் என்றும் கூறியிருக்கலாம். முதியோரைக் காப்பதற்காகவே கட்டுப்பாடுகள் என்று சொல்லப்பட்ட காலம் முழுவதும், முதியோரின் குரல் அதில் மிகக் குறைவாகவே கேட்டது.

எழுத்தருக்கு முன் இருந்தவை இரண்டு வழிகள் மட்டும் அல்ல என்பதும் குறிக்கத்தக்கது. சன்னல்களைத் திறந்து வைக்கும் வகுப்பறை, மரத்தடி வகுப்பு, காய்ச்சல் கண்ட பிள்ளையை அனுப்பாதிருத்தல், பள்ளிவிட்டு வந்த முதல் சில வாரங்கள் பாட்டியை முகக்கவசத்தோடு அணுகுதல் என இடைப்பட்ட வழிகள் பல இருந்தன. காற்றோட்டமுள்ள இடத்தில் தொற்று மிகக் குறைவு என்பது 2020 இறுதிக்குள் பெரும்பாலும் தெளிவாகிவிட்டது. ஆயினும் பல நகரங்களில் அலை எழுந்தபோதெல்லாம் முதலில் மூடப்பட்டவை பூங்காக்களும் கடற்கரைகளுமே. பூட்டுவதற்கு எளிதானது எதுவோ அதுவே பூட்டப்பட்டது. காற்றில்லாத அறைகளுக்கு அலுவலகக் கோப்பில் இடம் கிடைக்கவில்லை.

தமிழ்நாட்டில் 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' இத்தகைய இடைவழிகளுள் ஒன்று. சுமார் இரண்டு இலட்சம் தன்னார்வலர்கள் மாலை வேளையில், வீட்டுத் திண்ணையிலும் ஊர்ச் சாவடியிலும் சிறு குழுக்களாகப் பிள்ளைகளுக்குக் கற்பித்தனர். பள்ளிகள் திறந்து ஆறு மாதங்களுக்குள், இழந்த கற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மீண்டதாகவும், அம்மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இத்திட்டத்தால் வந்ததாகவும் பொருளியலாளர் சிலர் அங்கு நடத்திய ஆய்வு கண்டது. நாடளவிலும் ஊரக அரசுப் பள்ளிகளில் மேற்சொன்ன 16.3 சதவீதம், 2024இல் 23.4 சதவீதமாக உயர்ந்து, நோய்க்கு முந்திய நிலையையும் கடந்தது. இது நற்செய்தியே. ஆனால் 2020இல் மூன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளை 2024இல் மூன்றாம் வகுப்பில் இல்லை. மீண்டது வகுப்பின் சராசரி. அப்பிள்ளை மீண்டதா என்பதை அவ்வெண் கூறுவதில்லை.

மறு எடை

எடை போடுவது ஒரு முறை செய்து முடிக்கும் வேலை அன்று. 2022 ஜனவரியில் ஒமிக்ரான் அலை எழுந்தபோது நாளொன்றுக்கு மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று பதிவாயிற்று. ஆனால் இறப்பு விகிதம் முந்திய அலையைவிட மிகவும் தாழ்ந்திருந்தது. அம்மாத இறுதியில் வயது வந்தோருள் முக்கால் பங்கினர் இரு தவணை ஊசியும் பெற்றிருந்தனர். ஆயினும் பல மாநிலங்கள் பழைய ஆணையை எடுத்துத் தேதியை மட்டும் மாற்றிப் பள்ளிகளை மீண்டும் மூடின. நோயின் இயல்பு மாறியிருந்தது. மக்களின் காப்பும் மாறியிருந்தது. ஆணையின் வாசகம் மாறவில்லை. அலுவலகங்களில் முன்மாதிரியைப் பின்பற்றுவது பிழையற்ற வழி என்று கருதப்படுகிறது. திறந்து, அதனால் ஒரு பிள்ளை நோயுற்றால் கேள்வி வரும். மூடி, அதனால் ஆயிரம் பிள்ளைகள் எழுத்தை மறந்தால் எவரும் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை அனுப்புவதில்லை. இந்த ஏற்றத்தாழ்வைக் குறிப்பிட்ட அலுவலர் எவர்மீதும் சுமத்துவதற்கில்லை. பொறுப்பை எண்ணும் முறையிலேயே அது அமைந்திருக்கிறது.

பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகள் 2022 மார்ச் 31ஆம் நாளோடு முடிவுற்றன. உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5ஆம் நாள் பன்னாட்டு அவசர நிலையை விலக்கிக்கொண்டது. நோய் போகவில்லை. எடைபோடும் பணி மட்டும் அரசிடமிருந்து வீடுகளுக்கு மாறியது. டயாலிசிஸ் செய்துகொள்பவரும், புற்றுநோய்க்கு மருந்து உட்கொள்பவரும், அவர்களோடு வாழ்வோரும் இன்றும் நெரிசலான மண்டபத்துக்குள் நுழையும் முன் ஒரு கணம் நின்று கணக்குப் பார்க்கின்றனர். முகக்கவசம் அணிந்து வருபவரைக் கண்டு நகைப்போருக்கு அக்கணக்கு தெரியாது.

2025 மே, ஜூன் மாதங்களில் நாட்டில் தொற்று சற்றே உயர்ந்து, சிகிச்சையில் இருந்தோர் ஏழாயிரத்தைக் கடந்தனர். கர்நாடகத்தில் கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறக்கும் நேரம் அது. மே இறுதியில் அம்மாநில அரசு ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. காய்ச்சல், இருமல், சளி கண்ட பிள்ளைகளைப் பெற்றோர் பள்ளிக்கு அனுப்ப வேண்டாம். குணமான பின் அனுப்பலாம் என்பது அதன் சாரம். மற்றப் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் வழக்கம்போல் திறந்தன.